அடி மூடைக் கோப்பி

மாதத்தில் ஒரு தடவை தோப்பூர் பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல் வரும். பழைய பேப்பரில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டிய கோப்பித்தூள். கொண்டக்டர் கையில் தரும்போதே பை மணக்கும். அன்று பின்னேரமே அபூதாஹிர் நானா போன் எடுப்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"தங்கச்சி, பூனை வந்திச்சா?"

"இல்லை நானா, ஒரு பூனையும் வரேல்லை."

"அப்ப சரி."

பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் மூளை பிசகிவிட்டது என்றுதான் தோன்றும். தோன்றட்டும். ஆனால் அந்தப் பூனைக்குப் பின்னால் ஒரு மனிதரின் சீவியம் இருக்கிறது. அவர் மகளோடு இருக்கவென்று எங்கள் ஒழுங்கையை விட்டுத் தோப்பூருக்குப் போன பிறகு அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் கோப்பி ஊற்றியதில்லை.

என் பெயர் பூரணி. திருக்கோணமலைத் தபால் கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு நாக்கு நீளம் என்று ஊரே சொல்லும். பொய்யில்லை. கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் மாப்பிள்ளையின் தகப்பனிடமே போய்ச் சொல்லிவிட்டு வருகிறவள் நான். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணிக்கு நோப்பாளம் என்பார்கள். யாருக்குக் கோபம் வந்தாலும் எனக்கென்ன என்று இருந்தவளை ஒரு கோப்பை கோப்பி வாய் மூட வைத்தது.

எங்கள் ஒழுங்கை உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே இறங்குகிறது. ஒரு பக்கம் நாங்கள், நேர் எதிரே அபூதாஹிர் நானா வீடு. நானா துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவரும் படகு அது. அவருக்குப் படிப்பு பெரிதாக இல்லை, பேச்சும் இல்லை. மூக்கு இருந்தது. எஞ்சின் அறைக்குள் காலை வைத்ததுமே எந்தக் குழாயில் எண்ணெய் கசிகிறது, எந்தப் பட்டி சூடேறுகிறது என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அவர் கையில் எஞ்சின் எண்ணெய் மணக்கும் என்று அவருடைய மனைவி மைமூனா ஏசுவாள். "இந்தக் கையால எனக்குச் சோறு போட வேணாம்" என்று அவள் சொல்வது எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். அவர் சிரித்துக்கொண்டு அதே கையால் போடுவார். அவள் அதைத்தான் சாப்பிடுவாள்.

கோப்பிப் பைத்தியம் அவருக்குக் கப்பலிலிருந்துதான் பிடித்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையற்காரன் ஒரு கோப்பை கோப்பி கொடுத்திருக்கிறான். போகும்போது கையால் சுற்றி அரைக்கிற பழைய இரும்பு மெசின் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கப்பல் கோப்பியை எங்கள் சம்பளத்தில் வாங்கிக் குடிக்க முடியாது. கடையில் விற்கிற பைக்கற் தூளோ நானாவுக்கு வாயில் வைக்க ஏலாது. "தூள் எண்டா அதுக்குள்ள என்ன இரிக்கு எண்டு அரச்சவனுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்" என்பார். வறுத்த அரிசி, சோளம், கடலைத்தோல் என்று கணக்கில்லாமல் சொல்லுவார். அதனால் கொட்டையாக வாங்கி வீட்டில் வறுப்பது என்று முடிவெடுத்தார். கொட்டை நல்லதாகவும் இருக்க வேண்டும், விலை குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பதுதான் உலக வழக்கம். நானாவுக்கு மட்டும் கிடைத்தது. அதற்குக் காரணம் எங்கள் ஊர்க் கருவாடு.

திருக்கோணமலையிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு மாத்தளைக்கும் கண்டிக்கும் லொறிகள் போகும். திரும்பும்போது வெறுமனே வருமா? மரக்கறி, மிளகு, கோப்பிக்கொட்டை என்று ஏற்றிக்கொண்டு வரும். லொறியின் பலகை எத்தனை தரம் கழுவினாலும் கருவாட்டு மணம் போகாது. மேலே அடுக்கிய மூடைகளுக்கு ஒன்றும் ஆகாது. பலகையோடு ஒட்டிக் கிடந்து வரும் அடி மூடைகளில் சிலவற்றுக்கு அந்த மணம் ஏறிவிடும். எது ஏறியது, எது தப்பியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அடி மூடை என்றாலே ஒருவரும் தொட மாட்டார்கள். சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஹிஸ்புல்லா அவற்றை ஒரு மூலையில் தள்ளிவைத்துப் பாதி விலைக்குக் கொடுப்பான்.

நானா நேரே அந்த மூலைக்குத்தான் போவார். கொட்டையைக் கையால் அளைவார். ஒன்றை எடுத்துக் கடிப்பார். பல் பதிந்தால் ஈரம், அது வேண்டாம். சின்னக் கொட்டையா பெரிய கொட்டையா என்று பார்க்கமாட்டார். எல்லாம் ஒரே அளவா என்றுதான் பார்ப்பார், அப்போதுதான் ஒன்று கருகி ஒன்று வேகாமல் போகாது. கடைசியாக ஒரு பிடி அள்ளி இரண்டு கையாலும் மூடி, அதற்குள் ஊதி, மூக்கோடு வைத்து இழுப்பார். கண் மூடியிருக்கும். பிறகு "இது" என்பார், அல்லது மூடையின் வாயைக் கட்டிவிடுவார். ஒரு தடவையும் பிழைத்ததில்லை. மலைக் கோப்பிக்கொட்டை கொஞ்சம் மட்டும் விலை கொடுத்து வாங்கி மணத்துக்காக அதோடு கலப்பார்.

அப்படி நல்ல கோப்பி மலிவாக வந்ததால் ஒழுங்கை முழுக்க அவரிடமே கோப்பி கேட்டது. அவரும் எல்லோருக்கும் சேர்த்தே வறுத்தார். முற்றத்தில் மூன்று கல் வைத்து, பெரிய தாச்சியை ஏற்றி, நீளமான அகப்பையால் கிண்டிக்கொண்டே இருப்பார். கொட்டை வெடிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இறக்கப் போகும் நேரம் பார்த்து ஒரு பிடி மல்லியும், வேர்க்கொம்பு என்று நாங்கள் சொல்லும் சுக்கைத் தட்டியும் போடுவார். சுளகில் கொட்டி ஆறவிட்டு அந்த இரும்பு மெசினில் அரைப்பார். சண்டைக் காலத்தில், ஊரடங்கு போட்டு எல்லா வீட்டுக் கதவும் பூட்டிக் கிடந்த நாட்களில், அந்த மணம் வந்தால் மனதுக்கு ஒரு தைரியம். நானா வீட்டில் எல்லோரும் சுகம் என்று அர்த்தம். நாங்களும் அடுப்பை மூட்டுவோம். அந்த நாட்கள் திரும்பி வரவேண்டாம். அந்த மணம் மட்டும் வந்தால் போதும் என்று இப்போது சில நேரம் நினைப்பேன்.

கோப்பி ஊற்றுவதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர், அது கூடாது. கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். கூசாவில் தூளைப் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். பிறகு ஒரு கரண்டி பச்சைத்தண்ணீர் தெளித்தால் மண்டி எல்லாம் அடியில் போய்ப் படுத்துவிடும். சீனியைக் கரைக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். புதுத் தூள் அரைத்தால் அடுத்த நாள் பின்னேரம் நானா எங்கள் வீட்டுக்கு வந்து, விறாந்தையில் என் கணவர் சிவகுருநாதனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, முதல் கோப்பையை எங்களோடு குடிப்பார். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"எப்பிடித் தங்கச்சி?"

என் கணவரிடம் கேட்கமாட்டார். அந்த மனிதன் வெந்நீரைக் கொடுத்தாலும் நல்லது என்று சொல்வார் என்பது அவருக்குத் தெரியும். நான் சொல்வதுதான் தீர்ப்பு. "இந்த முறை மல்லி கூடிப்போச்சு" என்பேன். "ஒரு நிமிசம் முந்தி இறக்கியிருக்கலாம்" என்பேன். அவர் கோபிக்கவே மாட்டார். அடுத்த முறை சரியாக இருக்கும்.

பிறகு கொரோனா வந்தது. இரண்டு வீட்டிலும் எல்லோரும் படுத்தோம். எழும்பினோம். கடவுள் கிருபையால் ஒருவரும் போகவில்லை என்று நிம்மதியாக இருந்தபோது, ஒரு நாள் மத்தியானம் மைமூனா எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை பறிக்க வந்தவள் என்னோடு கதைத்துக்கொண்டு நின்றாள். திடீரென்று கருகிய மணம் ஒழுங்கையைத் தாண்டி வந்தது. அவளுடைய மீன் கறி. ஓடினோம். குசினிக்குள் புகை. அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் நானா இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்துத்தான் தலையை நிமிர்த்தினார். "புகை ஏன் வருது?" என்று கேட்டார்.

மைமூனா ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள். "ரேடியோவக் கேட்டுக்கிட்டு நான் மறந்து பெயித்தன்" என்று தன் மேலேயே போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் ரேடியோ பழுதாகிப் பல மாதம். பின்னேரம் என்னிடம் வந்து கிணற்றடியில் இருந்தாள்.

"பூரணியக்கா, அவருக்கு மணம் தெரியுதில்ல. காய்ச்சலுக்குப் பொறகு திரும்பி வரயில்ல. யாருக்கும் தெரியா எண்டு நெனச்சிக்கிட்டு இரிக்காரு. நீங்களும் தெரியாத மாதிரி இரிங்க."

"சொல்லிப்போட்டால் என்ன? இதென்ன களவா?" என்றேன்.

"அவருக்கு வேற என்ன இரிக்கக்கா? படகும் போச்சு, வேலயும் போச்சு. இந்த ஒழுங்கைக்குக் கோப்பி எடுத்துக் குடுக்கிறதுதான் இரிக்கு. அதும் ஏலாது எண்டா மனுசன் ஒடஞ்சி பெயித்திருவாரு."

வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மைமூனா நடித்த நடிப்பை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. கடைக்கே போகாதவள், நானா கொட்டை வாங்கப் போகும்போதெல்லாம் "எனக்கும் மிளகு வாங்க இரிக்கு" என்று பின்னால் புறப்பட்டாள். அவர் அடி மூடையில் கையை வைக்கும்போது இவளும் கையை விடுவாள். பொடிலேஞ்சியால் முகத்தைத் துடைப்பதுபோல அந்தக் கையை மணந்து பார்ப்பாள். நல்லதென்றால் பேசாமல் நிற்பாள். கூடாது என்றால் "இந்த மூடைல கல்லு கூடயா இரிக்கு, மத்ததப் பாருங்க" என்பாள். அவரும் மற்றதைப் பார்ப்பார். வறுக்கும்போது பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பாள். மணம் சரியான பதத்துக்கு வரும்போது "மல்லியக் கொண்டு வரவா?" என்று கேட்பாள். அவருக்கும் அது இறக்குகிற நேரம் என்று தெரிந்துவிடும். தன்னுடைய கண்ணும் காதும் பல்லும் சேர்ந்து மூக்கின் வேலையைச் செய்கின்றன என்று அவர் நம்பினார். கோப்பியும் பழைய கோப்பியாகவே வந்தது. பின்னேரம் வந்து கோப்பையை மூக்கோடு வைத்து ஒரு இழுப்பு இழுத்து, "ஆ, மணம்" என்பார். நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருடம் சாமான் விலை எல்லாம் தலைக்கு மேல் ஏறிய காலம். கடையில் பைக்கற் தூளின் விலையைப் பார்த்துவிட்டு ஆட்கள் திரும்பி நடந்தார்கள். வேறு ஒழுங்கைகளில் கோப்பியையே விட்டுவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் பின்னேரக் கோப்பி நிற்கவில்லை. அடி மூடையும் மைமூனாவின் மூக்கும் எங்களைக் காப்பாற்றின. நானாவுக்கு அந்த நாட்களில் நடையே மாறிப்போயிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

அதற்குப் பிறகுதான் தோப்பூரில் கல்யாணம் கட்டிப் போயிருந்த அவர்களுடைய மகள் ஹுஸ்னியாவுக்குப் பிள்ளை கிடைத்தது. பிள்ளைக்கு நாற்பது நாள் முடியும் வரை மைமூனா அங்கே நிற்க வேண்டும். போகிற நேரம் பையை வாசலில் வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, அவரு கொட்ட வாங்கப் போனா நீங்களும் போங்க. என்ன சாட்டாவது சொல்லிட்டுப் போங்க."

"நீ போ. நான் பார்க்கிறன்" என்றேன்.

நான் பார்த்தது அவர் திரும்பி வந்ததைத்தான். விடியவே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கரியரில் ஒரு மூடையைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "இந்த முற ஹிஸ்புல்லா கேட்ட வெலக்கே தந்திட்டான் தங்கச்சி" என்றார். அடி மூடை. நான் கிட்டப் போகும்போதே விளங்கிவிட்டது. சூடை, நெத்தலி, கீரி என்று எல்லாக் கருவாடும் அந்த மூடைக்குள் இருந்தது.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் "பாரமா இருக்குமே, ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே" என்றுதான் வந்தது.

அன்று பின்னேரம் வறுத்தார். கொட்டை வெடிக்கத் தொடங்கியதும் என் கணவர் குசினி வரைக்கும் வந்து, "ஆர் வீட்டில கருவாடு பொரிக்கினம்? எங்களுக்கும் கொஞ்சம் தரமாட்டினமோ?" என்று கேட்டார். "பேசாமல் போய் இருங்கோ" என்றேன். நானா தனியாகத் தாச்சிக்கு முன்னால் இருந்தார். மல்லி போடும் நேரம் வந்தபோது ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். வெங்காயம் உரிக்கும் இடம் வெறுமையாக இருந்தது. பிறகு அவராகவே மல்லியைப் போட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் வழக்கம்போல வந்தார். நான் கோப்பி ஊற்றினேன். என் கணவர் ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் உள்ளங்கைச் சீனி முழுவதையும் ஒரேயடியாக வாயில் போட்டுக்கொண்டார். நானா கோப்பையை மூக்கோடு வைத்து இழுத்து, "ஆ" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எப்பிடித் தங்கச்சி?"

மாப்பிள்ளையின் தகப்பனிடமே உப்புக் குறை சொன்ன இந்த நாக்கு, "நல்லாத்தான் இருக்கு நானா" என்று சொன்னது. கோப்பை வெறுமையாகும் வரை குடித்தேன். அதன் பிறகு வந்த நாட்களிலும் அவர் கண்ணுக்கு முன்னால் அதையே குடித்தேன். ஒழுங்கையில் ஒருவரும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மூலை வீட்டு ஸாலிஹா தன் பங்கை எலுமிச்சை மரத்தடியில் கொட்டினாள். வேறு யாரோ விருந்தாளிக்குக் கொடுத்து ஒரு உறவையே கெடுத்துக்கொண்டார்களாம். நானாவிடம் மட்டும் எல்லோரும் "அந்த மாதிரி, நல்ல ருசி" என்றார்கள்.

பூனைகளுக்கு அந்த நாகரிகம் இல்லை. எங்கள் பக்கத்துப் பூனைகள் மீன் சந்தையில் வளர்ந்தவை. முதலில் ஒன்று வந்து நானா வீட்டு விறாந்தையில் படுத்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நாளில் வாசல் முழுக்கப் பூனை. நானா "சூய், சூய்" என்று விரட்டிக்கொண்டே இருப்பார். மைமூனா இல்லாததால் அவர் மீனும் வாங்குவதில்லை. இதுகளுக்கு இங்கே என்ன வேலை என்று எங்களிடமே கேட்டார். என் கணவர் மழை வரப்போகிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

ஒரு நாள் காலை நான் படலையடியில் நின்றேன். நானா கோப்பித்தூள் பேணியைத் திறந்துவைத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பூனைகள் சுற்றி வந்து பேணியில் முகத்தைத் தேய்த்தன. அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. மெல்ல ஒரு பிடி தூளை அள்ளி உள்ளங்கையை நீட்டினார். ஒரு கறுப்புப் பூனை வந்து மணந்து பார்த்துவிட்டு நக்கியது.

அவர் கையை இழுக்கவில்லை. அந்தப் பூனை நக்கி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கவலை எனக்கு வந்தது குறைவு.

ஒழுங்கையைக் கடந்து வந்தார்.

"தங்கச்சி, நீங்க இதக் குடிச்சீங்களா?"

"ஓம் நானா."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம்."

"நீங்களே சொல்லயில்ல." அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னார். பிறகு படலையைப் பிடித்துக்கொண்டார். "மணம் போனது எனக்குத் தெரியும். கண்ணும் பல்லும் போதும் எண்டு நெனச்சன். இவ்வளவு நாளும் சரியாத்தானே வந்திச்சி?"

அவர் எஞ்சின்காரர். எது நின்றபோது எது பழுதானது என்று கணக்குப் பார்க்க அவருக்கு நேரம் எடுக்கவில்லை.

"மிளகு" என்றார். "எங்கட வீட்டில இவ்வளவு மிளகு ஏன் இரிக்கு எண்டு நான் ஒரு நாளும் கேக்கயில்ல."

மீதித் தூளை எல்லா வீட்டிலும் திருப்பி வாங்கிக்கொண்டு போய் மண்ணில் புதைத்தார். தாச்சியைக் கழுவிக் கவிழ்த்தார். மைமூனா நாற்பது முடிந்து வந்தபோது வீட்டில் கடைப் பைக்கற் தூள் இருந்தது. நானா அதைக் குடித்துக்கொண்டிருந்தார். அவளும் ஒரு வாய் குடித்துவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். நடந்ததை நான் கிணற்றடியில் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஒழுங்கையில் வறுக்கும் மணம் இல்லாமல் நாட்கள் போயின. நான் கடையில் பைக்கற்றுகளுக்கு முன்னால் நின்று எழுத்துக்களைப் படித்துப் படித்து வாங்கினேன். எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. விலைக்கும் கட்டவில்லை. என் கணவரே, வெந்நீரை நல்லது என்று சொல்பவரே, "இது கோப்பியோ?" என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை மைமூனா பேணியைக் கவிழ்த்துத் தட்டினாள். வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கத் தட்டினாள் என்றுதான் நினைக்கிறேன்.

"கோப்பி முடிஞ்சி பெயித்து" என்றாள். "நான் கடைக்குப் போறன். வாறீங்களா?"

கொஞ்ச நேரத்தில் செருப்பைப் போடுகிற சத்தம் கேட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கடையில் ஆட்கள் நிறைய. ஹிஸ்புல்லாவுக்கு நானாவைக் கண்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நானா, அண்டைக்கு நீங்க அந்த மூடையத் தூக்கினதும், ஏதோ மரத்துக்குப் போடத்தான் எடுக்கிறீங்க எண்டு நெனச்சன்" என்று தடுமாறினான். பிறகு ஓடிப்போய் மேல் மூடை ஒன்றைத் திறந்து வைத்தான். "இது முதல் தரம். உங்களுக்கு வெலயப் பாத்துப் போடுறன்."

"அடி மூடை எங்க?" என்று நானா கேட்டார்.

ஹிஸ்புல்லா மைமூனாவைப் பார்த்தான். பிறகு மூலையைக் காட்டினான்.

நானா முதல் மூடையைத் திறந்தார். கையால் அளைந்தார். ஒன்றைக் கடித்துப் பார்த்தார். ஒரு பிடி அள்ளி இரண்டு கையாலும் மூடி, அதற்குள் ஊதினார். மைமூனா வழக்கம்போல முகத்தைத் துடைக்கப் பொடிலேஞ்சியை எடுத்தாள். நானா அந்தக் கையைத் தன்னுடைய மூக்குக்குக் கொண்டு போகவில்லை. அவளுடைய மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"மணந்து பாரு புள்ள" என்றார். கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "எனக்கு மணம் தெரியிறதில்ல."

மைமூனா அவருடைய முகத்தையே பார்த்தாள். கையிலிருந்த பொடிலேஞ்சியை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு குனிந்து மணந்தாள்.

"இது ஆகாது."

இரண்டாவது மூடை. "இதும் ஆகாது."

மூன்றாவதைக் கொஞ்ச நேரம் மணந்தாள். இன்னொரு முறை மணந்தாள். "இத எடுங்க" என்றாள். அவர் கையிலிருந்த கொட்டையை மூடைக்குள் சரிப்பதைப் பார்த்துவிட்டு, அவருக்கு மனம் நோகக்கூடாது என்றோ என்னவோ, "போன முற நீங்க எடுத்ததும் அவ்வளவு மோசமில்லயாம். பூரணியக்கா சொன்னா" என்றாள்.

"ஓம்" என்றார் நானா. "பூனைக்கும் புடிச்சிருந்திச்சி."

ஹிஸ்புல்லாதான் முதலில் சிரித்தான். அதற்குப் பிறகு கடையே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. நானாவும் சிரித்தார், ஆனால் நீட்டிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. கொட்டை எல்லாம் மூடைக்குள் போய்விட்டது. வெறும் உள்ளங்கையை மைமூனாவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனார்.

"இதில இன்னும் எஞ்சின் எண்ணெ மணக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து மணந்து பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "கோப்பிக் கொட்ட மணக்குது."